உஷார்! வண்டிச் சாவி யார் கையில்?

பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பையன் இருக்கிற வீடா? பைக் சாவி இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

டியூஷன் விடும் நேரம் தெருமுனையில் நின்றால் தெரியும். ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர். ஓட்டுகிறவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. "முறுக்குடா மச்சி, அந்த பஸ்ஸ முந்துடா!" என்று தோளைத் தட்டுகிறான் நடுவில் இருப்பவன். கடைசி ஆள் செல்போனில் ரீல்ஸ் எடுக்கிறான். தனியாக வந்திருந்தால் அதே பையன் பஸ்ஸுக்குப் பின்னால் பேசாமல் வந்திருப்பான்.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கார்ட்னர், ஸ்டீன்பெர்க் இருவரும் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்து இதைச் சோதித்து, 2005-ல் வெளியிட்டார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் மிக அதிகமாகத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அப்படி மாற்றமில்லை.

"என் பையன் நிதானமா ஓட்டுவான்" என்கிறீர்களே, நீங்கள் பார்த்தது உங்களைப் பின்னால் வைத்து ஓட்டியதைத்தானே?

நண்பர்களை மட்டும் குறை சொல்வது நியாயமும் இல்லை. "ஓடிப்போய் பால் வாங்கிட்டு வா" என்று சாவியை நீட்டியது யார்? போலீஸைக் கண்டதும் மட்டும் ஹெல்மெட் மாட்டுகிற அப்பாவைப் பின்சீட்டிலிருந்து பார்த்து வளர்ந்தவன் அவன்.

சட்டம் உங்களைத்தான் பிடிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துட்டான்" என்றால், அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 16 வயதில் ஓட்டலாமே என்பவர்களுக்கு: அந்தச் சலுகை 50 சிசி வரைதான். உங்கள் வீட்டு ஸ்கூட்டர் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல்தான் இருக்கும். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தாலும், அதை உங்களிடமே வசூலிக்கலாம்.

சாவியைப் பூட்டி வைத்தாலும் நண்பன் வண்டியில் ஏறிப் போய்விடுவான். அதனால் அவன் கூட்டாளிகளின் அப்பா அம்மாவிடம் இன்றே போனில் பேசுங்கள். பதினெட்டு ஆகும்வரை எந்த வீட்டிலும் சாவி இல்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள். பையனிடம், "எந்த நேரமானாலும் கூப்பிடு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன், திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். கூப்பிட்டால், திட்டாமல் போய்க் கூட்டி வாருங்கள்.