பச்சை இலை எந்தக் கட்டடத்துக்கு?

போன மாதம், லோபாக்கில் இருக்கும் அம்மாவை ஏற்றிக்கொண்டு சிரம்பானில் ஒரு புது வீடு பார்க்கப் போனேன். விளம்பர ஏட்டின் அட்டையில் ஒரு பச்சை இலை. கீழே, 'பசுமைச் சான்று பெற்ற மேம்பாட்டாளர்'. வானொலியில் இப்படிப்பட்ட விளம்பரங்களுக்கு நானே குரல் கொடுத்திருக்கிறேன். கேட்கத் தோன்றியது அம்மாவுக்குத்தான்: "இந்த வீட்டுக்கா சான்று கொடுத்தாங்க?"

விற்பனையாளர் கோப்பைப் புரட்டினார். சான்று, நிறுவனத்தின் அலுவலகக் கட்டடத்துக்கு!

நம் நாட்டில் ஜிபிஐ எனப்படும் பசுமைக் கட்டடக் குறியீடு 2009இல் தொடங்கியது. மின்சிக்கனம், உட்புறக் காற்று வெளிச்சம், மனைத் திட்டம், கட்டுமானப் பொருள், நீர்ச்சிக்கனம், புதுமை என ஆறு பிரிவுகளில் மதிப்பெண் போடுகிறார்கள். 100க்கு 50 எடுத்தால் சான்று. 86 எடுத்தால் பிளாட்டினம். இந்த மதிப்பெண் கட்டடத்துக்கு, நிறுவனத்துக்கு அல்ல. வரைபடத்தைப் பார்த்து முதலில் தருவது தற்காலிகச் சான்று. கட்டி முடித்த பிறகு சோதித்துத்தான் முழுச் சான்று. அதையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஆகவே, முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சான்று எந்தக் கட்டடத்துக்கு? தற்காலிகமா, முழுமையானதா? எந்தத் தேதி வரை செல்லும்?

அம்மா அதற்குள் மாதிரி வீட்டின் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டார். "காத்து உள்ளே வருது, வெளியே போக வழி இல்லையே. நாள் முழுக்க ஏர்கோன் போடணும்."

முப்பது ஆண்டுத் தவணை என்னுடையது, மின்கட்டணமும்தான். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.