மோசசோர்கள்: டைனோசர் காலத்துக் கடற்பல்லிகளும் அவற்றைத் தமிழில் சுட்டும் முறையும்

ஆய்வுச் சுருக்கம்

டைனோசர்கள் நிலத்தில் வாழ்ந்த காலத்தின் இறுதிப் பகுதியில் கடலில் வேட்டையாடி வாழ்ந்த பேருருவ ஊர்வன மோசசோர்கள் ஆகும். இவை டைனோசர்கள் அல்ல. பல்லி, பாம்பு ஆகியவை அடங்கும் செதிலுடைய ஊர்வன வரிசையைச் சேர்ந்தவை. இம்முடிவுக்கு அறிஞர்கள் வந்த வழியையும் அதற்கான உடற்கூற்றுச் சான்றுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. அவற்றின் அடிப்படையில், இவ்விலங்குகளைத் தமிழில் எவ்வாறு சுட்டுவது பொருந்தும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மோசசோர், தொல்லுயிர் எச்சம், கிரெட்டேசியஸ், செதிலுடைய ஊர்வன, உடும்பு, கலைச்சொல்.

முன்னுரை

1842இல் ரிச்சர்டு ஓவன் உருவாக்கிய ‘டைனோசர்’ என்னும் சொல், கிரேக்க மொழியில் ‘அஞ்சத்தக்க பல்லி’ எனப் பொருள்படும். ஆயினும் டைனோசர்கள் பல்லிகள் அல்ல. முதலைகளுக்கும் பறவைகளுக்குமே நெருங்கிய உறவுடையவை. பெயரில் பல்லியாக இருப்பது உண்மையில் பல்லியன்று. உண்மையில் பல்லியினமாகிய மோசசோரோ பொதுவழக்கில் ‘கடல் டைனோசர்’ என வழங்கப்படுகிறது. இம்முரண் சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. ஒரு விலங்கின் மூதாதையர் யார், அது எவற்றோடு ஒப்பிடத்தக்கது என்னும் புரிதலையே இது மாற்றிவிடுகிறது.

மாஸ்ட்ரிக்ட் மண்டையோடு

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரை அடுத்த சுண்ணக்கல் சுரங்கங்களில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய தாடைகளுடன் கூடிய மண்டையோடுகள் கிடைத்தன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, 1794இல் பிரெஞ்சுப் படை அந்நகரைக் கைப்பற்றிய பின் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இவ்வெச்சங்களைத் திரட்டிய மருத்துவர் ஹாஃப்மன், இவற்றை முதலையினுடையவை எனக் கருதினார். பிரெஞ்சு அறிஞர் ஃபோஜாவும் அவ்வாறே கொண்டார். டச்சு உடற்கூற்றறிஞர் பெட்ரஸ் காம்பர், இவை திமிங்கலத்தினுடையவை என 1786இல் எழுதினார்.

பெட்ரஸ் காம்பரின் மகன் ஏட்ரியன் காம்பர், தந்தையின் கருத்தை மறுஆய்வு செய்து, இவ்விலங்கு உடும்பினத்தோடு ஒத்தது என 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவினார். ஜார்ஜ் கூவியே 1808இல் இதனை ஏற்றார். உலகிலிருந்து சில உயிரினங்கள் முற்றிலும் அழிந்துபோயின என்னும் கருத்தை நிலைநாட்ட முயன்ற கூவியேவுக்கு, இன்று எங்கும் காணப்படாத இப்பெரும்பல்லி வலுவான சான்றாயிற்று. மாஸ்ட்ரிக்ட் வழியே பாயும் மியூஸ் ஆற்றின் இலத்தீன் பெயர் ‘மோசா’. அதனை அடியாகக் கொண்டு 1822இல் கோனிபியர் ‘மோசசோரஸ்’ எனப் பெயரிட்டார். 1829இல் மாண்டெல் ஹாஃப்மனின் பெயரைச் சிற்றினப் பெயராகச் சேர்த்தார்.

பல்லியினம் என்பதற்கான சான்றுகள்

முதலையின் மண்டையோட்டில், கீழ்த்தாடை பொருந்தும் குவாட்ரேட் எலும்பு அசையாது இறுகியிருக்கும். பல்லிகளிலும் பாம்புகளிலும் அது அசையக்கூடியது, மோசசோரிலும் அவ்வாறே. கீழ்த்தாடையின் நடுவில் ஒரு கூடுதல் மூட்டு இருப்பதும் மோசசோரை உடும்போடும் பாம்போடும் இணைக்கிறது. மேலண்ணத்தில் ஒரு வரிசைப் பற்கள் உள்ளமை மற்றொரு சான்றாகும். முதலைக்கு அண்ணப்பற்கள் இல்லை. பாம்புகளுக்கும் பல்லிகள் சிலவற்றுக்கும் உண்டு. பிடித்த இரை நழுவாமல் உள்நோக்கித் தள்ள இவை உதவின எனலாம்.

உடலமைப்போ கடலுக்கேற்ப மாறியிருந்தது. கால்கள் துடுப்புகளாயின. வால் பாம்பின் வாலைப்போல் நேராக இருந்தது என்றே நெடுங்காலம் வரையப்பட்டு வந்தது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கிடைத்த பிளாட்டிகார்ப்பஸ் எலும்புக்கூட்டை 2010இல் ஆராய்ந்தோர், வால் கீழ்நோக்கி வளைந்திருந்ததைக் காட்டி, அதில் துடுப்பு இருந்தது என வாதிட்டனர். 2013இல் வெளியிடப்பட்ட ஜோர்டான் நாட்டு எச்சத்தில் அத்துடுப்பின் வடிவமே பதிந்திருந்தது. சுறாவுக்கும் மோசசோருக்கும் உறவில்லை. ஆயினும் ஒரே வகை வாழ்க்கை ஒரே வகை வடிவத்தைத் தந்துள்ளது. இதனைக் குவி பரிணாமம் என்பர்.

உருவமும் உணவும்

டெக்சாஸில் கிடைத்த டல்லாசோரஸ் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமே உடையது. அதன் கால்கள் முழுமையான துடுப்புகளாக மாறவில்லை. இறுதிக் காலத்து மோசசோரஸோ 10 மீட்டரை விஞ்சியது. இன்று வாழும் பல்லிகளுள் மிகப் பெரியதான கொமோடோ உடும்பு ஏறத்தாழ 3 மீட்டர் நீளமே வளர்கிறது என்பது ஒப்புநோக்கத்தக்கது. தெற்கு டகோட்டாவில் கிடைத்த டைலோசோரஸ் ஒன்றின் வயிற்றுப் பகுதியில் மீன், சுறா, பறக்கவியலாத கடற்பறவை, சிறிய மோசசோர் ஆகியவற்றின் எச்சங்கள் இருந்தன. குளோபிடென்ஸ் என்னும் பேரினமோ ஓடுடைய உயிரிகளை நொறுக்குதற்கேற்ற உருண்டைப் பற்களைக் கொண்டிருந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பறவையல்லாத டைனோசர்களோடு இவை யாவும் அழிந்தன.

தமிழில் சுட்டும் முறை

மேற்கண்ட சான்றுகளால் ‘கடல் டைனோசர்’ என்னும் வழக்கு பிழையானது என்பது தெளிவு. ‘கடற்பல்லி’ என்பது வகைப்பாட்டளவில் பொருந்தும். எனினும் அன்றாடத் தமிழில் ‘பல்லி’ என்பது பெரும்பாலும் வீட்டுச்சுவரில் ஊரும் சிற்றுயிரையே குறிக்கும். ஓணான், அரணை, உடும்பு எனத் தனித்தனிப் பெயர்களைப் பேச்சுவழக்கு கொண்டிருப்பதால், ஒட்டுமொத்தப் பெயராகப் ‘பல்லி’ அறிவியல் தமிழிலேயே ஆளப்படுகிறது.

‘கடல் உடும்பு’ கேட்போர் மனத்தில் உருவத்தை உடனே எழுப்பும். ஆனால் அது தீராத ஒரு விவாதத்திற்கு முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகிறது. மோசசோர்கள் பாம்புகளுக்கு நெருங்கியவை என 1869இல் எட்வர்டு டிரிங்கர் கோப் முன்வைத்த கருத்து இன்றும் ஆதரவாளர்களைப் பெற்றுள்ளது. மேற்கூறிய அண்ணப்பற்கள் இன்றைய உடும்புகளுக்கு இல்லை என்பதும் கருதத்தக்கது. எனவே பெயராக ‘மோசசோர்’ என்னும் ஒலிபெயர்ப்பையும், வரையறையாகச் ‘செதிலுடைய ஊர்வன வரிசையைச் சேர்ந்த, அழிந்துபோன கடல்வாழ் பெரும்பல்லி’ என்பதையும் கொள்வதே தகும். ‘உடும்பு’ என்பதை விளக்கும் உவமையாக ஆளலாம், பெயராக்குதல் வேண்டா.

முடிவுரை

முதலை, திமிங்கலம், உடும்பு எனப் பெயர்கள் மாறிய ஒவ்வொரு நிலையிலும் மோசசோர் பற்றிய புரிதலும் மாறியது. தமிழில் கலைச்சொல் படைப்போர் பொருளை எளிதாக்கினால் மட்டும் போதாது. அச்சொல் எந்த உறவை உரைக்கிறது, அவ்வுறவு நிறுவப்பட்டதா என்பதையும் ஆராய்தல் வேண்டும். நிறுவப்பட்டதைப் பெயரிலும் வரையறையிலும் வைத்து, விவாதத்தில் உள்ளதை விளக்கத்தில் வைப்பது, பிற தொல்லுயிர்களின் பெயர்களுக்கும் பொருந்தும் நெறியாகும்.