கால் தெரிஞ்சாத்தான் கடை!

"எம்.பி.ஏ. படிச்சிட்டு ஷூ விக்கப் போறியா?"

இந்தக் கேள்வி நம்ம வீட்டுல மட்டும்தான் வரும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துல ஃபில் நைட் என்ற இளைஞரும் அப்பாவிடம் இதே மாதிரி முணுமுணுப்பைக் கேட்டவர்தான். காலேஜில் ஓட்டக்காரர். ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. படிக்கும்போது, 'ஜப்பான் ஷூவை அமெரிக்காவில் விற்றால் ஜெயிக்கலாம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். மார்க் வந்ததும் மறந்துவிடவில்லை. 1962-ல் ஜப்பானுக்கே போய், ஒனிட்சுகா கம்பெனியின் கதவைத் தட்டிவிட்டார்!

1964 ஜனவரியில் தன் பழைய கோச் பில் பவர்மனுடன் கூட்டு. ஆளுக்கு 500 டாலர் முதலீடு. 'ப்ளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்' ரெடி. கடை? கார் டிக்கிதான் கடை! ஓட்டப்பந்தயம் நடக்கும் மைதானங்களுக்கு 'டைகர்' ஷூக்களோடு போவார். கோச்சுகள், ஓட்டக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என எல்லோரிடமும் பேசுவார், விற்பார். வயிற்றுப்பாட்டுக்கு அக்கவுன்டன்ட் வேலை.

ஆனா, நாம சொல்ல வந்த ஹீரோ இவர் இல்லீங்க!

லெட்டர் மன்னன்

அவர் பெயர் ஜெஃப் ஜான்சன். ஸ்டான்ஃபோர்டில் படித்த ஓட்டக்காரர். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சமூகப் பணியாளராக இருந்தார். வார விடுமுறையில் கமிஷனுக்கு டைகர் ஷூ விற்க ஆரம்பித்தவர், 1965-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதிலேயே இறங்கினார். கம்பெனியின் முதல் முழுநேர ஊழியர் இவர்தான். சம்பளம் மாதம் 400 டாலர்.

மனுஷன் ஃபில் நைட்டுக்கு லெட்டராக எழுதித் தள்ளினார். ஐடியா, கேள்வி, புகார், எல்லாம் அதில் இருக்கும். பதில்? ம்ஹூம்! பெரும்பாலும் வரவே வராது. வேற ஆளா இருந்தா 'போய்யா நீயும் உன் ஷூவும்' என்று கிளம்பியிருப்பார். ஜான்சன் அடுத்த லெட்டரை எழுதினார்.

அந்த லெட்டர்களில் வந்த ஆசைகளில் ஒன்று: 'நமக்குன்னு ஒரு கடை வேணும்.' நைட் ஒரு கண்டிஷன் போட்டார். 1966 ஜூன் முடிவதற்குள் 3,250 ஜோடி விற்றால் கடை. நடக்கவே நடக்காது என்பது அவர் கணக்கு. ஜான்சன் விற்றுக் காட்டினார்!

கடையா, சங்கமா?

கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில், பிக்கோ சாலையில் 1966-ல் அந்தச் சின்னக் கடை திறந்தது. ரோட்டில் ஓடுகிறவர்களை 'இவனுக்கு என்ன ஆச்சு?' என்று பார்த்த காலம் அது. காரில் போகிறவர்கள் ஹாரன் அடித்துக் கிண்டல் செய்வார்கள், குளிர்பானத்தைத் தூக்கி மேலே வீசுவார்கள். அவங்களுக்கு ஊருக்குள்ள ஒதுங்க ஓர் இடம் கிடையாது. ஜான்சன் அந்த இடத்தை உருவாக்கினார். உட்கார நாற்காலிகள் போட்டார். ஓட்டக்காரர்கள் படிக்க வேண்டிய புத்தகங்களைத் தன் வீட்டு அலமாரியிலிருந்தே கொண்டுவந்து அடுக்கினார். டைகர் போட்டு ஓடியவர்களின் போட்டோக்களைச் சுவரில் மாட்டினார்.

எல்லாத்தையும்விட முக்கியம், அவர் வைத்திருந்த அட்டைகள். ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஓர் அட்டை. கால் சைஸ் என்ன, எந்த ஷூ பிடிக்கும், எவ்வளவு தூரம் ஓடுவார் என்று எல்லாம் அதில் இருக்கும். கம்ப்யூட்டர் கிடையாது, பேனாதான்! பிறந்தநாளா? ஜான்சனிடமிருந்து வாழ்த்து போகும். பெரிய ரேஸில் ஜெயித்தாரா? பாராட்டி ஒரு லெட்டர். பலர் பதில் போட்டார்கள். எங்கே வலிக்கிறது, ஷூவில் எது சரியில்லை என்று கொட்டினார்கள்.

அப்படி ஒரு கஸ்டமர், 'பாஸ்டன் மாரத்தானை டைகரில் ஓட ஆசை. ஆனா அடியில மெத்தைத்தன்மை போதலை' என்றார். மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். தார் ரோட்டில் ஒவ்வொரு அடியும் கால்ல திருப்பி அடிக்கும். ஜான்சன் என்ன செய்தார் தெரியுமா? குளியலறையில் போடும் ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை எடுத்து, உள்ளூர் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, ஷூவுக்குள் வைத்துத் தைக்கச் சொன்னார். அதைப் போட்டுக்கொண்டு ஓடியவர், தன் வாழ்நாளின் சிறந்த நேரத்தில் மாரத்தானை முடித்தார்!

யோசிச்சுப் பாருங்க. லேப் கிடையாது, இன்ஜினீயர் கிடையாது. கால் வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான்.

கனவில் வந்த பெயர்

1971-ல் கம்பெனி சொந்தமாக ஷூ தயாரிக்க முடிவெடுத்தது. பெயர் வேண்டும். நைட்டுக்குப் பிடித்தது 'டைமென்ஷன் சிக்ஸ்'. மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். அப்போது, தூக்கத்தில் வந்த ஒரு பெயரைச் சொன்னார் ஜான்சன். கிரேக்கர்களின் வெற்றி தேவதையின் பெயர். ஆமாங்க... 'நைக்கி'!

1980-ல் நைக்கி பங்குச்சந்தைக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க அந்த டிக் மார்க் தெரியும். அந்த அட்டைப்பெட்டியைத்தான் யாருக்கும் தெரியாது.

கடை வைக்க நினைக்கிற ஃப்ரெண்ட்ஸ், ஏ.சி.யும் கண்ணாடிக் கதவும் அப்புறம் பார்த்துக்கலாம். முதல் கஸ்டமருக்கு ஓர் அட்டை எழுதுங்க. அவர் மறுபடி வரும்போது, பேரோட சேர்த்து அவர் கால் வலியையும் விசாரிங்க!

நல்ல ஷூக்கடைக்காரர் கேட்கும் 4 கேள்விகள்

1. எங்கே ஓடுறீங்க? தார் ரோடா, மண் தரையா, டிராக்கா? மூன்றுக்கும் அடிப்பாகம் வேறு வேறு.

2. பழைய ஷூவைக் கொண்டு வந்தீங்களா? அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், நீங்கள் காலை ஊன்றும் விதம் ஓரளவு தெரிந்துவிடும்.

3. சாயங்காலம் வர முடியுமா? பகல் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான். அந்த அளவுதான் சரியான அளவு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

4. இதுவரை எவ்வளவு தூரம் ஓடியிருக்கு? பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டரில் ஷூவின் மெத்தை செத்துவிடும். மேலே பளபளன்னு இருந்தாலும் மாத்திடுங்க!