சுண்டும் தராசும்



2010ஆம் ஆண்டில் வன்னிக்கு மீளத் திரும்பிய ஒரு சகோதரி, கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்த்து வந்தார். எமது கேக் பயிற்சி வகுப்புக்கு ஒரு நாளும் தவறாமல் வருவார். வகுப்பு முடிந்த கையோடு அயல்வீட்டில் ஒரு பிறந்தநாள் கேக்குக்கு ஓடர் கிடைத்தது. முட்டை, பட்டர், சீனி எல்லாவற்றையும் கடனுக்கு வாங்கினார். ஆனால் கேக் நடுவில் தாண்டு, களி போல வந்தது. ஓடரும் போயிற்று, கடனும் மிஞ்சியது.

"மிஸ், நீங்கள் தந்த அளவுதானே போட்டனான். பிறகு ஏன் இப்பிடி வந்தது?" என்று கேட்டார்.

பிழை அவருடையது அல்ல. நாம் வகுப்பில் தராசில் நிறுத்துக் காட்டினோம்: மா, சீனி, பட்டர் தலா 250 கிராம், முட்டை 5. அவருடைய வீட்டில் தராசு இல்லை. ரின்பால் பேணிதான் சுண்டு. ஒரு சுண்டு அரிசி ஏறக்குறைய கால் கிலோ என்பது அவருக்குத் தெரியும். ஆகவே கோதுமை மாவையும் ஒரு சுண்டு போட்டார். ஒரு சுண்டு மா கால் கிலோ வராது. மா குறைந்து சீனியும் பட்டரும் கூடியதால் கேக் தாண்டு போனது. வீட்டில் தராசு இருக்கிறதா என்று நாம் கேட்டிருக்க வேண்டும்.

சுண்டு காட்டுவது கொள்ளளவை. தராசு காட்டுவது நிறையை. மாவின் துகள்களுக்கிடையே காற்று நிறைய இருப்பதால் அது பாரம் குறைந்தது. 250 மில்லிலீற்றர் கொள்ளும் கோப்பை ஒன்றைத் தலைதட்டி நிரப்பினால் கிடைக்கும் நிறையைப் பாருங்கள்:

தண்ணீர் – 250 கிராம்
தேங்காய் எண்ணெய் – சுமார் 230 கிராம்
சீனி – சுமார் 200 கிராம்
அரிசி – சுமார் 200 கிராம்
கோதுமை மா – சுமார் 125 கிராம்

ஒரே கோப்பைதான். ஆனால் மா, தண்ணீரின் அரைவாசிதான்.

அப்படியானால் தராசு இல்லாதவர்கள் என்ன செய்வது? ஒரு கிலோ பைக்கற்றே உங்கள் தராசு. ஒரு கிலோ மாவை உங்கள் சுண்டால் தலைதட்டி அளந்து எண்ணுங்கள். 6 சுண்டு வந்தால், ஒரு கிலோவின் கால் பங்கான 250 கிராமுக்கு ஒன்றரைச் சுண்டு தேவை. சீனியையும் அவ்வாறே அளவுங்கள். 4 சுண்டு வந்தால், 250 கிராமுக்கு ஒரு சுண்டு போதும். பேணிக்குப் பேணி அளவு வேறுபடும். ஆகவே அடுத்தவரின் கணக்கை நம்பாமல் உங்கள் பேணியிலேயே அளந்து பாருங்கள்.

அளக்கும்போது மாவை அமுக்கவோ பேணியைத் தட்டவோ கூடாது. கரண்டியால் அள்ளிப் போட்டு, கத்தியின் பின்புறத்தால் வழியுங்கள். அரித்த மா இன்னும் பாரம் குறைவு. ஆகவே எப்போதும் ஒரே விதமாக அளவுங்கள். அளந்த பின் அரியுங்கள்.

அம்மாமாரின் பழைய குறிப்புகளில் இறாத்தல், அவுன்ஸ் என்று இருக்கும். ஒரு இறாத்தல் சுமார் 454 கிராம். ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம். தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர்.

இந்தக் கணக்கு சமையலோடு முடிவதில்லை. நாம் சாமான் வாங்குவது கிலோவில். வீட்டில் போடுவது சுண்டில். ஒரு கிலோ மா எத்தனை கேக்குக்குக் காணும் என்று தெரியாமல் விலை சொன்னால், எமது உழைப்பை நாமே இனாமாகக் கொடுத்தவர்கள் ஆவோம்.

அந்தச் சகோதரி இப்போது தன் சுண்டின் கணக்கை ஒரு கொப்பி ஒற்றையில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அடுத்த ஓடருக்கு அவர் எம்மிடம் அளவு கேட்கவில்லை. விலையையும் தானே கணக்குப் பார்த்துச் சொன்னார். நீங்களும் இன்றைக்கே ஒரு பைக்கற் மாவை அளந்து பாருங்கள் சகோதரிகளே.