வேரில் புகும் திருடர்கள்

சாம்பாருக்குத் துவரம் பருப்பை அளந்து போடுகிறீர்களே, அது உங்கள் வீட்டு டப்பாவுக்கு வந்து சேருமுன் எத்தனை கண்டங்களைத் தாண்டியிருக்கிறது, தெரியுமா?

வயலில் துவரை மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் காய் பிடிக்கும் சமயம். உழவு, விதை, களையெடுப்பு என்று எல்லாச் செலவும் ஆகிவிட்டது. திடீரென்று இலைகள் தொங்குகின்றன. மண்ணில் ஈரம் இருந்தும் செடி நின்ற நிலையிலேயே காய்கிறது! இதுதான் வாடல் நோய். இதை உண்டாக்கும் 'ஃபுசேரியம் உடம்' என்ற பூஞ்சணத்தைப் பற்றி 1910-ல் விவரித்தவர், பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பட்லர். இது வேர் வழியாக நுழைந்து, ஜலம் ஏறும் குழாய்களை அடைத்து விடுகிறது. தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே கறுப்புக் கோடுகள் தெரியும்.

இந்தத் திருடனுக்குப் பல சமயங்களில் ஒரு கூட்டாளியும் உண்டு. அதுதான் வேர்முடிச்சு நூற்புழு. வேரைத் துளைக்கும் இளம் புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. உள்ளே போய் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு, சுற்றியுள்ள செல்களைப் பூதாகாரமாக வீங்கச் செய்து, அவற்றின் சத்தை உறிஞ்சுகிறது. பெண் புழு ஒன்றே சில நூறு முட்டைகள் இடும். வீங்கிய வேரில் கசியும் சத்து, பூஞ்சணத்துக்கு விருந்து. செடியின் எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்து போகிறது. வாடலைத் தாங்கும் என்று தேர்ந்தெடுத்த ரகங்கள்கூடச் சில சமயம் தோற்று விடுகின்றன. இந்தக் கூட்டுச் சதியைப் பருத்தியில் 1892-லேயே கவனித்தவர், அமெரிக்காவில் அட்கின்சன் என்ற விஞ்ஞானி.

சரி, நம் கொல்லை அவரைக்கு வருவோம். வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சுகளைக் கண்டதும் பதறி விடாதீர்கள்! வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, தேய்த்தால் உதிரும் முடிச்சு நல்லது. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஊட்டுவது அதுதான். வேரே பருத்து, உதிராமல் இருந்தால்தான் புழுவின் வேலை.

அப்படியானால் அந்த இடத்தில் மறுபடியும் அவரையோ, கத்தரியோ, தக்காளியோ வைக்க வேண்டாம். துலுக்கச் செவ்வந்தியை நடுங்கள். அதன் வேர் புழுவுக்கு ஆகாது. மண்ணில் வேப்பம் புண்ணாக்கும் கலக்கலாம். துவரை விவசாயிகளோ சோளத்தைத் துவரையுடன் கலந்தோ, மாற்றியோ பயிரிட்டு வாடலைக் குறைக்கிறார்கள்.

ஆகவே, அடுத்த முறை பந்தலில் அவரை வாடினால், "தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டீர்களா?" என்று வீட்டுக்காரரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் வேரைப் பாருங்கள். பாவம், அவர் நிரபராதியாக இருக்கலாம்!