அப்பியுபுரம் வரை வந்த சகோதரர்

சபை கூடிவருதலை விசுவாசிகள் விட்டுவிடலாகாது என்று போதிக்க நாம் வழக்கமாக எடுத்தாளும் வேதபகுதி எபிரெயர் 10ஆம் அதிகாரமாகும். ஆலயத்திற்கு வாராதவரைக் குறித்து, வந்து அமர்ந்திருப்பவர்களிடம் அதனைப் பிரசங்கிக்கிறோம். கேட்க வேண்டியவர் அங்கு இல்லை என்பது நமக்கு ஏனோ தோன்றுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அறந்தாங்கிக்கு அப்பால், கடற்கரையை அடுத்த ஒரு சிற்றூருக்குப் பணிமாற்றம் பெற்று வந்த ஆசிரியை ஒருவரின் சபை மாற்றுச் சான்று நமக்கு வந்து சேர்ந்தது. பதிவேட்டில் பெயரை எழுதினோம், பின்பு மறந்தோம். பதினொரு மாதங்கள் கழித்து அவ்வழியே வேறொரு காரியமாய்ச் சென்றபோதுதான் அவர் வீட்டுப் படியேறினோம். ஆராதனைக்கு வாராத காரணத்தைக் கேட்பதே நமது எண்ணம். அவர் குறைகூறவில்லை. "ஐயா, ஞாயித்துக்கிழமை காலையில நானே பாட்டுப் பாடி, நானே வேதம் வாசிச்சு, ஜெபம் பண்ணி, நானே ஆமென் சொல்லிக்கிறேன். அந்த ஆமென் மட்டும் இன்னொருத்தர் வாயிலருந்து வந்தா நல்லாயிருக்கும்னு தோணும்" என்றார். ஆயத்தம் பண்ணிச் சென்றிருந்த வேதபகுதியைத் திறவாமலேயே ஜெபித்துத் திரும்பினோம்.

இவ்வித விசுவாசிகள் நமது மாவட்டத்தில் பலர் உண்டு. 1974ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டப் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட புதுக்கோட்டை மாவட்டத்தில், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவரே. அவர்களும் உரோமன் கத்தோலிக்கர், லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே எனப் பிரிந்திருப்பவர். பேருந்து இரண்டு மாறி ஆலயத்திற்கு வரவேண்டிய வீடுகள் நமது பதிவேடுகளில் எத்தனை என்பதை ஒவ்வொரு குருவானவரும் எண்ணிப் பார்க்கலாம்.

அன்று திரும்பும் வழியில் நம் நினைவுக்கு வந்தது அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனம். கைதியாய் ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படும் பவுலடியார் புத்தேயோலியில் சகோதரரைக் கண்டு ஏழுநாள் தங்குகிறார். அதற்குள் செய்தி தலைநகரை எட்டுகிறது. ரோமாபுரிச் சகோதரருள் சிலர் மூன்று சத்திரம் வரையும், சிலர் அப்பியுபுரம் வரையும் எதிர்கொண்டு வருகின்றனர். மூன்று சத்திரம் ரோமாபுரிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அப்பியுபுரமோ ஏறக்குறைய 65 கிலோமீட்டர். நமது நாட்டுக் கணக்கில் சொல்வதாயின், திருச்சிராப்பள்ளிச் சபையார் சிலர் புதுக்கோட்டை வரையும், வேறு சிலர் அதற்கப்பால் திருமயம் செல்லும் சாலையிலும் வந்து நின்றதற்கு ஒப்பாகும். பேருந்து இல்லாத காலம். வரவேற்கப்படுபவரோ காவலில் உள்ள கைதி. அவரோடு காணப்படுவதே ஆபத்தாய் முடியலாம்.

இவர்களுள் பெரும்பாலார் அவரை முன்பின் கண்டிருக்க இயலாது. கி.பி. 57ஆம் ஆண்டளவில் அவர்களுக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே, தாம் அவர்களுக்கு ஆவிக்குரிய வரத்தை அளிக்க விரும்புவதாகக் கூறத் தொடங்கிய அப்போஸ்தலர், உடனே தம்மைத் திருத்திக்கொள்வார் போல, இருதிறத்தாரும் ஒருவர் விசுவாசத்தால் ஒருவர் ஆறுதலடைவதே தமது விருப்பம் என்கிறார். அது வெறும் உபசார வார்த்தையென்று எண்ணுவோருக்கு லூக்கா மறுமொழி தருகிறார். புயலில் அகப்பட்ட கப்பலில் 276 பேரைத் திடப்படுத்திய அதே மனிதர், சாலையோரத்தில் நின்ற சகோதரரைக் கண்ட பின்னரே தைரியமடைந்தாராம். தேவதூதன் தரிசனமாகி அவருக்கு வாக்களித்திருந்தான். ஆயினும் மனித முகம் தேவையாயிருந்தது. நமது விசுவாசம் பெலமுள்ளதாயின் தனிமை நம்மைத் தொடாது என்று போதிப்போர் இவ்வசனத்தண்டை சற்றுத் தங்கிச் செல்வது நலம்.

'எதிர்கொண்டு' என்பதற்கு மூலமொழியில் வழங்கும் 'அப்பாந்தேசிஸ்' என்னும் சொல், புதிய ஏற்பாட்டில் மணவாளனை எதிர்கொள்ளப் புறப்படும் கன்னியரைக் குறித்தும் (மத்தேயு 25), ஆண்டவரின் வருகையில் விசுவாசிகள் அவரை எதிர்கொள்வதைக் குறித்தும் (1 தெசலோனிக்கேயர் 4) வருவதை மாணவர் அறிவர். வருபவர் நகர வாயிலை அடையுமட்டும் காத்திராமல், நகரத்தார் வெளியே புறப்பட்டுச் செல்வதே அதன் கருத்து. கிறிஸ்துவுக்குரிய அச்செயலைச் சங்கிலி பூண்ட ஒரு சகோதரனுக்கு ரோமாபுரிச் சபை செய்தது. நடந்தவர் பலர், எதிர்கொள்ளப்பட்டவர் ஒருவர். நாமோ அந்த ஒருவரையே பலரிடம் நடந்துவரச் சொல்கிறோம்.

அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில் 'கொய்னோனியா' என்னும் சொல்லை நமது பழைய திருப்புதல் 'அந்நியோந்நியம்' என்று வழங்கியுள்ளது. இக்காலத்தில் 'ஐக்கியம்' என்பதே நமக்குப் பழகிப்போயிற்று. எனினும் பழைய சொல்லில் ஓர் ஆழமுண்டு. அந்நியர் என்னும் சொல்லுக்கு மூலமான வடசொல்லே இரட்டித்து நின்று 'ஒருவருக்கொருவர்' என்னும் பொருளைத் தருகிறது. உறவினர் ஒன்றுகூடுவதற்கு இச்சொல் வேண்டியதில்லை.

இவ்விடத்தில்தான் நமக்கு இடறல் உண்டாகிறது. அந்த ஆசிரியையைக் காண எம்மோடு வருபவர் யார் என்று சபைச் சங்கத்தில் கேட்டபோது, முதலில் எழுந்த கேள்வி, "அவங்க யாரோட ஆளுங்க?" என்பதே. இக்கேள்வியின் பொருளை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அண்டையிலுள்ள தஞ்சையின் சபைகளில் சாதி வேற்றுமையை விட்டொழிக்குமாறு பேராயர் டேனியல் வில்சன் 1833ஆம் ஆண்டு சுற்றறிக்கை விடுத்தபோது, ஒரே பாத்திரத்தில் பருக மனமின்றிப் பிரிந்து சென்றோர் பலர். 2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், தலித் மக்கள் பருகும் நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்ததை நாடே அறிந்தது. அதைக் கேட்டு வருந்தினோம், ஜெபித்தோம்; ஆயினும் எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிப் பருகுவது என்ற கணக்கு நமது சபையாரின் வீட்டுச் சந்திப்புகளிலும் இன்னும் மறையவில்லை.

இதற்கு மாறான சாட்சியும் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1921ஆம் ஆண்டு திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய மருத்துவர் இருவரில் ஒருவர் தமிழரான ஜேசுதாசன். மற்றவர் ஸ்காத்லாந்து நாட்டவரான ஃபாரஸ்டர் பேட்டன். ஆளுவோனும் ஆளப்படுவோனும் ஒரு பந்தியில் அமர்வது அரிதாயிருந்த நாளில், இருவரும் ஒரே வீட்டில் ஒரே உணவை உண்டு, கதருடுத்து, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து வாழ்ந்தனர். ஆசிரமத்தார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். வெள்ளையரே சின்னண்ணன் என்பது கவனிக்கத்தக்கது. இறையியலார் பக்கம் பக்கமாய் எழுதியதை அந்த இரண்டு தமிழ்ச் சொற்கள் சொல்லிவிட்டன என்பது நமது கருத்து.

குருவானவரின் தனிமையைப் பற்றியும் ஒரு சொல். நாம் பிறர் பாவ அறிக்கையைக் கேட்கிறோம். நமது அறிக்கையைக் கேட்பவர் யார்? ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர், ஃபிங்கன்வால்டு குருமடத்தை 1937இல் அரசு மூடிய பின்னர், அங்கு மாணவரோடு வாழ்ந்த வாழ்வைக் குறித்து 1939இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சகோதரர் கண்முன் இருப்பது எவரும் உரிமையாய்க் கோரத்தக்கதன்று, கிருபையாய் அருளப்படுவது என்பதும், பாவத்தைச் சகோதரனிடம் அறிக்கையிடாதவன் தனிமையிலேயே இருக்கிறான் என்பதும் அதன் சாரம். அடுத்த சேகரத்துக் குருவானவரை மாமன்றக் கூட்டத்தில் மட்டும், அதுவும் தேர்தல் காலத்தில் மட்டும் சந்திக்கும் நமக்கு இது கடினமான உபதேசமே. நமது அனுபவத்தில், மாதம் ஒருமுறை ஒரு நண்பரான போதகரோடு திருமயம் கோட்டையடியில் அமர்ந்து பேசியதே, சோர்வு மிகுந்த ஈராண்டுகளில் நம்மை ஊழியத்தில் நிலைநிறுத்திற்று. அவர் நமது சபைப் பிரிவைச் சேர்ந்தவருமல்லர்.

ஆசிரியையிடம் மீண்டும் சென்றபோது எம்மோடு நால்வர் வந்தனர்: ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இருவர், கல்லூரி மாணவன் ஒருவன். சங்கத்தில் கேள்வி எழுப்பியவர் வரவில்லை. அறந்தாங்கியில் பேருந்து மாறி, வெயில் ஏறிய பின்னரே போய்ச் சேர்ந்தோம். வீட்டில் காத்திருப்பார் என்று எண்ணியிருந்தோம். அவரோ பேருந்து நிற்குமிடத்திற்கே குடையோடு வந்து நின்றிருந்தார். அவர் சமைத்ததை அனைவரும் உண்டோம். உண்ணுமுன் பாட்டும் ஜெபமும் நடந்தன. ஜெபம் முடிந்தபோது நான்கு ஆமென்கள் ஒருங்கே எழுந்தன. அவருடையது சற்றுத் தாமதித்தே வந்தது.