இணையவழிக் குழுக்கல்வி

மருத்துவம் தனி ஒருவர் தொழிலன்று. மருத்துவர் நோயறிகிறார், செவிலியர் இரவெல்லாம் விழித்துக் காக்கிறார், மருந்தாளர் அளவறிந்து மருந்து தருகிறார். மூவருள் எவர் பிழை செய்தாலும் துன்புறுபவர் நோயாளியே. கூடித் தொழில் புரிய வேண்டியவர்கள் தனித்தனியே படித்துத் தேர்வெழுதினால் போதுமா? போதாது என்பதே என் கருத்து.

இக்குறையை நீக்கவல்லது 'குழுவழிக் கற்றல்'. 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இதனை வகுத்த லாரி மைக்கேல்சன், மருத்துவரல்லர். வணிக மேலாண்மைப் பேராசிரியர். பின்னர் மருத்துவக் கல்வியும் இதனை ஏற்றது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், டியூக்–என்.யு.எஸ். மருத்துவப் பள்ளி 2007-லும், லீ கோங் சியான் மருத்துவப் பள்ளி 2013-லும் இம்முறையில் பாடம் தொடங்கின.

முறை எளியது. ஐவர் முதல் எழுவர் வரை ஒரு குழு. அக்குழு இடையில் மாறாது. பாடத்தை வீட்டிலேயே படித்து வரவேண்டும். முதலில் தனியே தேர்வு. பின் அதே வினாக்களுக்குக் குழுவாகக் கூடி விடை. விளங்காதவற்றை மட்டும் ஆசிரியர் விளக்குவார். இறுதியில் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நோயாளியின் சிக்கல் தரப்படும். எல்லாரும் ஒரே நொடியில் விடை காட்டவேண்டும்; பிறர் விடையைப் பார்த்து மாற்ற வழியில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வகுப்பறை இணையத்திற்கு மாறியது. கோபர்கைரனேயில் நானும், தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் பிற நண்பர்களுமாக அறுவர் கூடினோம். ஒரு நாள் வந்த சிக்கல் இது: மழைவெள்ளத்தில் நடந்து வேலைக்குச் சென்ற தொழிலாளிக்கு ஒரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்காலில் கடுவலி, கண்கள் சிவந்துள்ளன. முதலில் செய்ய வேண்டியது என்ன?

எலிக்காய்ச்சல் என்றேன் நான். "சிறுநீர் குறைந்ததா? சிறுநீரகம் பழுதாகலாமே" என்றார் செவிலியம் பயிலும் தோழி. "டெங்கு இல்லையெனத் தெளியும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடா, குருதிக்கசிவு மிகும்" என்றார் மருந்தியல் மாணவர். மலேரியா, டெங்கு ஆகியவற்றுக்கும் குருதியைச் சோதனைக்கு அனுப்பி, முடிவுக்குக் காத்திராமல் எலிக்காய்ச்சலுக்குரிய நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்குவது என முடிவு செய்தோம். என் விடை தவறன்று. ஆயினும் அது மட்டும் நோயாளியைக் காத்திராது.

இடர்கள் இல்லாமல் இல்லை. சிட்கோ கட்டிய சிறு வீட்டில் ஒரே அறை; ஒரே கைப்பேசி; அதே வேளையில் தம்பிக்கும் பள்ளிப்பாடம். இணைப்பு அறுந்தால் குழுவில் ஒரு குரல் குறைகிறது. பேசாதிருப்பவர் படிக்காதவரா, இணைப்பில்லாதவரா என்பது திரையில் தெரிவதில்லை. ஆகவே ஆசிரியர்கள் பாடத்தை முன்னரே இறக்கிக்கொள்ளத்தக்க சிறு கோப்புகளாக அனுப்புதல் வேண்டும். இணைப்பிழந்தவர் தொலைபேசி வழியே விடை கூறவும் இடமளித்தல் வேண்டும். நாடி பிடித்தலையும் புண் கட்டுதலையும் திரை கற்பிக்காது; அவற்றுக்கு நோயாளியின் படுக்கையருகே நின்றே ஆகவேண்டும்.

தோழர்களே! நாளை நம் கையில் ஓர் உயிர் ஒப்படைக்கப்படும். அன்று உடனிருப்பவர் சொல்லைக் கேட்கும் செவி நமக்கு வேண்டும். அதனை மாணவப் பருவத்திலேயே பழகிக்கொள்வோம்.